இனம்?

பூதப்பாண்டி கால்நடை ஆஸ்பத்திரியில்
சீட்டு எழுதுகிற ரசலையன் சார்
பேனாவை நிறுத்திக் கேட்டார்:
இனம்?

லாக்கெனுவா என்றேன்.
எழுத்துக் கூட்டச் சொன்னார்.
கூட்டினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.
நாடு பெல்ஜியம். ஆடு மேய்க்கிற வம்சம்.
அங்கேயே தேடித்தான் பிடிக்கணுமாம்.
கொண்டுவந்த காற்றாலை எஞ்சினியர்
திரும்பும்போது
விமானத்தில் ஒரு சீட்டுதான் எடுத்தார்.

"கண்டா சவுரிக் கெட்டு மாதிரில்லா இருக்கு?"
சரிதான் சார்.
இதுவரை மூன்று சீப்பு ஒடிந்தாயிற்று.
உரித்த கதம்பலின் நிறம்,
வாயைச் சுற்றி மட்டும்
அடுப்புக்கரி அள்ளித் தின்றது போல.
தாடியில் எப்போதும் நேற்றைய கஞ்சி.

ஆரல்வாய்மொழிக் காற்றில்
நாகர்கோவில் ஆஸ்பத்திரி விரிப்புகளை உலர்த்துகிறேன்,
தினம் நூற்றிநாற்பது.
வந்த முதல் நாளே
கொடிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.
யாரும் சொல்லவில்லை.
பிறகு போனில்தான் எஞ்சினியர் சொன்னார்,
இதன் பாட்டன் பூட்டனெல்லாம்
புல்வெளியில் வெளுக்கப் போட்ட
லினன் துணிக்குக் காவல் கிடந்ததாம்.

ஆடியில் ஒரு நாள்
கவ்விகள் தெறித்து ஒரு விரிப்பு கிளம்பியது.
துரத்திக் கடிக்கும் என்று பார்த்தேன்.
இல்லை.
காற்றை முந்தி ஓடி, வளைந்து, குனிந்து,
இடப்பக்கம் ஓர் அதட்டல், வலப்பக்கம் ஒன்று,
வழிதப்பிய வெள்ளாடு மாதிரி
அதைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு
என்னைத் திரும்பிப் பார்த்தது.
ஒரு பொத்தல் இல்லை.

புது ஆள் வந்தால் குரைக்காது.
நிற்கும்.
கேஸ் சிலிண்டர்க்காரர் இப்போதெல்லாம்
ரோட்டிலிருந்தே விசிலடிக்கிறார்.

எங்களுக்கும் அதே மேய்ச்சல்தான்.
ஞானதீபன் முற்றத்தில்,
மகள் அடுக்களையில்,
நான் வாசலில் என்றால்
பட்டிக்கு இருப்புக்கொள்ளாது.
முழங்காலை மூக்கால் தள்ளித் தள்ளி
மூவரையும் ஒரே அறையில் சேர்த்த பிறகே
பெருமூச்சு விடும்.
நானும் அவரும் பேசாத ராத்திரிகளில்
இது பெரிய தொந்தரவு.

ரசலையன் சார் யோசித்து யோசித்துக் கடைசியில்
நாட்டுநாய் என்று எழுதி
ஊசிக்கு அனுப்பினார்.

திரும்பினால், காலடியில் காணோம்.

வரிசையில் நின்ற ஆறு ஆட்டையும்
ஓர் எருமைக் கன்றையும்
வேப்பமரத்தடியில் கூட்டி நிறுத்தியிருந்தது,
டீ குடிக்கக் கிளம்பிய
கம்பவுண்டரையும் சேர்த்து.