மஞ்சள் சதுரம்

டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் ஒரு மணி நேரம்.
அதற்கு முன் மூன்று விநாடி
கையைத் தூக்கி நிற்கவேண்டும்
சரணடைந்தவள் மாதிரி,
இல்லை, கொடியில் துணி எடுக்கப் போனவள் மாதிரி.
கண்ணாடிக் கூண்டின் தரையில் இரண்டு பாதம் வரைந்திருக்கிறது.
என் பாதம் அதைவிடச் சிறியது.

"எக்ஸ்ரே இல்லை அம்மா, அலைதான்.
போனில் வருவதைவிடக் குறைவு" என்கிறாள்
நொக்வாசி என்று சட்டையில் பெயர் குத்தியவள்.
எனக்குத் தெரியும்.
சாட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாகப்
படம் எடுக்கிறேன்.
ஈய அங்கி சுமந்து ஒரு தோள் இறங்கிப்போனவள்.
இந்த அலை எலும்புவரை போகாது,
தோலோடு திரும்பிவிடும்.
தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
ஊராரை எல்லாம் "மூச்சைப் பிடியுங்க" என்று
சொல்லிச் சொல்லி வந்த வினை.

நாளெல்லாம் இதன் பக்கத்தில் நிற்கிறாயே,
உன்னை யார் அளக்கிறார்கள் என்றேன்.
அளப்பது என்றால்?
என் சீருடையில் விரலகலப் பட்டை ஒன்று இருக்கும்,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால்
நான் எவ்வளவு வாங்கினேன் என்று கடிதம் வரும்.
உனக்கு வராதா?
"சம்பளச் சீட்டு வரும்" என்றாள்.

திரையில் நான் இல்லை.
ஒரு பொம்மை.
முகம் கிடையாது, முலை கிடையாது,
அமைச்சர் வந்தாலும் இதே பொம்மைதான்.
முன்பெல்லாம் அம்மணமாகத் தெரியுமாம்,
பூட்டிய அறையில் உட்கார்ந்து யாரோ பார்ப்பார்களாம்.
சண்டை போட்டு வாங்கிய பொம்மை இது.
அதன் இடது வயிற்றில்
ஒரு மஞ்சள் சதுரம்.
அது மட்டும் என்னுடையது.

"அங்கே என்ன?"
சத்தமாகத்தான் கேட்டாள். கோபமில்லை, வரிசை நீளம்.
எனக்குப் பின்னால் பெல்ட்டைக் கையில் சுருட்டியபடி
டாக்டர் கிருபாகரன் கோவெண்டர்.
புது மெஷின் பழக இருவரையும்தான் அனுப்பியிருந்தார்கள்.
பதினொரு வருடமாக நான் எடுத்த படங்களைப் படிப்பவர்.
மார்ச்சில் நான் போட்ட லீவு
டைஃபாய்டு என்று நம்புகிறவர்.

ஆங்கிலத்தில் சொன்னால் வரிசைக்கே புரியும்.
தமிழில் சொன்னால் அவருக்கு மட்டும் புரியும்;
அவர் தமிழ் கோயிலோடு சரி, ஆனாலும்
குடல் என்றால் தெரியும்.
ஸூலுவில் என்னிடம் இருப்பது ஐந்து சொல்:
மூச்சு, நில், திரும்பு, வலி, முடிந்தது.
பை அதில் இல்லை.

அவள் கையுறைக் கையைப் பிடித்து
அங்கே வைத்தேன்.
வெதுவெதுப்பாக இருந்திருக்கும்.
ஏதோ சரசரத்திருக்கும்.
கை மெல்ல விலகிப் போனது.
திரும்பினால் கோவெண்டர் குனிந்து
ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தார்.
அவர் ஷூவில் நாடா கிடையாது.

விமானம் கரும்புக்காட்டுக்கு மேல் சாயும்போது
அந்தப் பெண் ஞாபகம் வந்தாள்.
பெயர் போய்விட்டது. பச்சைப் பள்ளிச் சீருடை,
கை முறிந்து வந்தவள்.
"வயிற்றில் ஏதாவது உண்டா? தேதி தள்ளிப்போச்சா?"
திரைச்சீலைக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.
வெளி பெஞ்சில் அவள் அப்பா.
எனக்கும் அன்றைக்கு வரிசை நீளம்.
இல்லை என்றாள்,
என்னிடம் இல்லை, சுவரிடம்.

என் கைப்பையை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்கள்,
பை வெட்டும் வளைந்த கத்தரிக்கோலுக்காக.
பட்டை அதற்குள் கிடந்ததை நான் மறந்திருந்தேன்.
ஜூலையில் கடிதம் வந்தது.
எப்போதும் கோடு போட்டிருக்கும் இடத்தில்
ஒரு சின்ன எண்.
விளக்கம் கேட்டிருந்தார்கள்:
இது உங்கள் உடம்பு வாங்கியதா?

இல்லை, கைப்பை வாங்கியது என்று எழுதினேன்.
உடம்பு வாங்கியதை எழுத
அந்தத் தாளில்
கட்டம் இல்லை.