அரை வினாடி

விதி ஒன்று: சோடிக்கு ஓர் ஆண், ஒரு பெண்.
விதி இரண்டு: இருவரில் ஒருவர்
எந்நேரமும் பலகையில் ஓட வேண்டும்.
மற்றவர் திரைக்குப் பின்னால்
சாக்குக் கட்டிலில் தூங்கலாம்,
அவித்த முட்டை தின்னலாம்,
கணுக்காலுக்கு எண்ணெய் தேய்க்கலாம், அழலாம்.
கடைசிச் சொல் தாளில் இல்லை,
நான் சேர்த்தது.

விதி மூன்று: ஆள் மாறும்போது கை தொட வேண்டும்.
தொட்டது கணக்கனின் கண்ணில் பட வேண்டும்.

கணக்கன் நான்.
துறைமுகத்தில் அரிசி மூட்டை எண்ணியவன்.
எவர் பேச்சுக் கொடுத்தாலும் இவனுக்கு எண் தவறாது என்று
கொம்பனித்தெருத் தகரக் கொட்டகைக்கு
அழைத்து வந்தார்கள்.
நாளுக்கு ஒன்றரை ரூபாய், இரண்டு பிளேன்டீ.

பதினாறு சுற்று ஒரு மைல்.
தெய்வேந்திரமுனையில் புறப்பட்டுப்
பருத்தித்துறை தொட்டுத் திரும்ப எழுநூறு மைல்.
எல்லாம் இந்த வட்டத்துக்குள்ளேதான்.
சுவரில் பச்சை பூசிய இலங்கை,
ஊருக்கு ஒரு பல்பு.
முதல் இரவு கொழும்புப் பல்பு எரிந்தது.
கொழும்பில் இருந்துகொண்டு
கொழும்பு வந்துவிட்டதென்று கைதட்டினோம்.

ஏழாம் சோடி
டோரின் வைமன், தட்டச்சுக்காரி.
இன்னாசித்தம்பி, பாசையூரான், தந்திக் கந்தோர்.
இரும்புச் சக்கரம், தோல்வார்,
முழங்காலில் கிழிந்த சாரத்துணி.
யாழ்ப்பாணப் பல்பு எரிந்தபோது
"ஊர் வந்திட்டுது" என்றான் இன்னாசி
யாருக்குமில்லாமல்.
வேகம் குறைக்கவில்லை.
வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள்
போய்விட்டான்.

விதி நான்கு: இருவரும் சேர்ந்து ஓடினால்
அந்தச் சுற்று செல்லாது.

இதை ஊர் வாசிக்கவில்லை.
ஊர் வாசித்தது விதி ஒன்றை மட்டும்.
ஓர் ஆண், ஒரு பெண், ஆறு இரவு.
மருதானைத் தேத்தண்ணிக் கடையில்
மிச்சத்தை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் இரவு,
இறங்கும் வழியில் நீர்கொழும்பு எரிந்த பிறகு,
டோரினுக்கு நிச்சயித்த பையன் வந்தான்.
ரயில்வேத் தொப்பி, மழை ஈரம்.
என் மேசையில் கைவைத்து
"இரண்டு பேரும் எவ்வளவு நேரம் ஒன்றாக?" என்றான்
பாதித் தமிழில்.

கொப்பியைத் திருப்பிக் காட்டினேன்.
இதுவரை இருநூற்றுப் பத்து மாற்றம்.
ஒரு தொடுகை அரை வினாடி.
பெருக்கினால் நூற்றைந்து வினாடி.
"இரண்டு நிமிடம்கூட இல்லை, தம்பி.
ஒருத்தி விழித்தால் ஒருவன் தூங்குகிறான்.
நீங்கள் ட்ராமில் டிக்கெட் வாங்கும்போது
கொண்டக்டரின் கையை இதைவிட அதிகம் தொடுகிறீர்கள்."

அவன் எண்களை விரலால் ஓட்டிப் பார்த்தான்.
எண்களில் குற்றமில்லை.
திருப்தியாகப் போனான், அல்லது மழை விட்டதால்.

சில தொடுகை நீண்டதை நான் சொல்லவில்லை.
அனுராதபுரத்துக்கு இப்பால் ஒன்று.
புத்தளத்தில், அவள் தடுக்கி எழுந்தபோது ஒன்று.
கொப்பியில் அதற்குக் கட்டம் அடிக்கவில்லை.

ஆறாம் நள்ளிரவு விசில்.
வேறு சோடி வென்றது.
இவர்களுக்குத் தெய்வேந்திரமுனை எரியவில்லை,
மூன்று சுற்றுக் குறைவு.
வென்றவர்களைத் தூக்கிக்கொண்டு
ஆட்கள் வாவிப் பக்கம் போய்விட்டார்கள்.

பலகை ஓரத்தில் இரண்டு பேரும்
வார் அவிழ்க்கக் குந்தினார்கள்.
விழித்தபடி, ஒரே நேரத்தில்,
முதல் தடவை.
என்ன பேசுவதென்று தெரியவில்லை போலும்.
பிறகு அவள்:
"உங்கள் கை எப்போதும் சுடுகிறது."
அவன்: "நீங்கள் வளைவில் இடப்பக்கம் அதிகம் சாய்கிறீர்கள்.
விழப்போகிறீர்கள் என்று
தூக்கத்திலும் சத்தம் கேட்டுக் கிடப்பேன்."

கணக்கை மூடியிருக்க வேண்டும்.
கூலியும் வாங்கியாயிற்று.
ஆனால் அன்றைய நாற்பத்திரண்டு மாற்றத்தையும் கூட்டி
நூற்றிருபத்தாறில் நின்றதை
நான் பாட்டுக்கு மனதில் தொடர்ந்தேன்.
நூற்றிருபத்தேழு,
நூற்றிருபத்தெட்டு

"அண்ணை, விளக்கை அணைக்கட்டா?"
என்றான் கூட்டுகிற பொடியன்.

எண் தவறிவிட்டது.