ஒஸோயேவுக்குக் குறுக்கு வழி

பதினோரு வருடமாக யவோராவை வலம் வருகிறேன்.
பக்தியெல்லாம் இல்லை, ரொட்டி வண்டி.
லோமியில் ஆறு மணி, ஸ்துதெனாவில் ஆறே முக்கால்,
அப்புறம் போத்கோரா, ப்ரேக்,
கடைசியில், மதியம் ஒரு மணிக்கே
மலை நிழலைப் போர்த்திவிடும் ஒஸோயே.
ஊருக்கு இரண்டு ஹாரன்.

லோமிக்காரர்களுக்கு அது படுத்த மாடு.
போத்கோராவில் கேட்டால் கவிழ்த்த தொட்டி.
ஒஸோயேவில் யாரும் உவமை சொல்வதில்லை,
"அதுதான்" என்று முகவாயால் காட்டுவார்கள்.

உயரம் எழுநூற்றுச் சொச்சம் மீட்டர்.
இதற்கெல்லாம் மலையென்று பேரா என்றான்
லுப்லியானாவிலிருந்து வந்த என் மச்சினன்.
அவனுக்கு நேற்றைய ரொட்டியைக் கொடுத்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் ஈரப்பனி கொட்டி
பீச் மரங்கள் சாலைமேல் சாய்ந்து கிடந்தன.
ப்ரேக்கோடு வழி முடிந்தது.
வண்டியில் பதினேழு வீட்டு ரொட்டி,
அல்போன்ஸின் இன்சுலின்.

சாவியைச் செவெரின் வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு
முதன்முறையாக ஏறினேன்.
முதுகில் மூட்டை. ரொட்டியின் சூடு
பாதி வழிவரை கூட வந்தது.
மருந்து உறையாமலிருக்க உள்சட்டைக்குள்.
காட்டுப்பன்றி எனக்கு முன்பே போயிருந்தது,
அதன் தடத்தில் கால் வைத்தால் வழுக்கவில்லை.
கிளைகள் நேரம் பார்த்துக் கழுத்துக்குள் பனியைப் போட்டன.

மேலே போனால் ஐந்து ஊரும் தெரியும்,
தட்டில் வைத்ததுபோலத் தெரியும்
என்றே நினைத்திருந்தேன்.
முன்னால் மரம். பின்னால் மரம்.
ஒரு கல், அதன்மேல் யாரோ மறந்த ஒற்றைக் கையுறை.
உச்சி வந்துவிட்டதென்று
கண் சொல்லவில்லை, முழங்கால்தான் சொன்னது.

மூச்சு வாங்கி நின்றபோது
கீழே ஒரு நாய். எங்கோ மரம் அறுக்கும் இயந்திரம்.
பிறகு ஹாரன், இரண்டு முறை.
என் வண்டி.
நானில்லாமல் எங்கோ வந்து சேர்ந்துவிட்ட என் வண்டி.
சாவியை வாங்கிய பையனுக்குக் கை சும்மா இருக்குமா?

இறங்குவது ஏறுவதைவிட மோசம்.
பாதி நடை, பாதி சறுக்கல்.
ஒஸோயே ஓரத்தில் அல்போன்ஸ் நின்றிருந்தார்,
கையில் பை,
முகம் சாலைப் பக்கம்,
முதுகு மலைக்கும் எனக்கும்.
"ஹாரன் கேட்டதே, எங்கே இன்னும் காணோம்" என்று
சாலையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினோரு வருடத்தில்
அவரைப் பேர் சொல்லி அழைத்ததே இல்லை.
பின்னால் நின்று
இரண்டு முறை இருமினேன்.