உலை

திங்கட்கிழமை ஆலை வாசலில் பூட்டுத் தொங்கியது.
செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்கு ஒரு போன்.
"நுன்ஸியா, வெங்காயம் எவ்வளவு பொடியாக?"

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரெஸ்டே கேட்ட
முதல் சமையல் சந்தேகம்.
உன் சுண்டுவிரல் நகத்தில் பாதி என்றேன்.
"எந்தச் சுண்டுவிரல்?" என்றான்.
இடது கையில் அவனுக்கு அது கிடையாது.
உருட்டாலையில் இருந்தபோது
இயந்திரம் எடுத்துக்கொண்டது.

பதினொன்றேகாலுக்கு மறுபடி.
மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் பாதிக்குப் பாதி,
சட்டியில் போட்டதும் தண்ணீராய் விடுகிறதே,
கெட்டுப்போனதா?
இல்லை. காத்திரு. கரண்டியைத் தொடாதே.
தண்ணீர் வற்றினால் சத்தம் மாறும்.
என்ன சத்தம் என்கிறான்.
போனை அடுப்புக்குப் பக்கத்தில் பிடி என்றேன்.
சுருள் கம்பி எட்டிய மட்டும் இழுத்திருப்பான்.
நூறு படுக்கைவிரிப்புகள் சுழலும் இரைச்சலில்
ஒரு காதைப் பொத்திக்கொண்டு
மறு காதில்
என் வீட்டுக் கறி வதங்குவதைக் கேட்டு நின்றேன்.
மேற்பார்வைக்காரி வில்மா
கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
சளசள.
சளசள.
சடசட.
"இப்போது கிளறு."

கேரட், செலரி, அரைக் கோப்பை சிவப்பு ஒயின்,
தக்காளி டின் இரண்டு, கையாலேயே பிசைந்து.
எல்லாம் சொல்லி முடித்த பிறகு
எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்றான்.
மூன்று மணி நேரம்.
அந்தப் பக்கம் பேச்சே இல்லை.
அப்புறம் சொன்னான்:
"என்னிடம் இருக்கிறது."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது
என்பதெல்லாம் வேறு ஊருக்கு.
ஒஹையோவில் எங்கள் ஊரில்
இரண்டும் ஒரே நாளில் மூடிக்கொண்டன.
சாயங்கால பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஆற்றோரம் புகைபோக்கிகள் சும்மா நின்றன.
கொடியில் காயும் துணிமேல் கரி விழாத செவ்வாய்
எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.
சந்தோஷப்படத் தோன்றி, வெட்கப்பட்டேன்.

தெருமுனையிலேயே மணத்தது.
உள்ளே சுவரில், திரைச்சீலையில்,
காலண்டரில் வரப்போகிற ஞாயிறுகள்மேல்
எங்கும் சிவப்புத் தெறிப்பு.
அடுப்பருகே ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அவன்.
நிறத்தை வைத்தே சூட்டைச் சொல்கிற கண்;
ஆயிரத்து அறுநூறு டிகிரி என்றால்
ஆயிரத்து அறுநூறுதான்.
கரண்டியால் குழம்பை ஓரமாக ஒதுக்கிக் காட்டினான்.
எண்ணெய் பிரிந்து மேலே நின்றது.
"ஆரஞ்சு வந்துவிட்டது. இறக்கலாமா?"
இறக்கு என்றேன்.
அவனிடம் அந்தச் சொல்லைச் சொல்ல
இனி யார் இருக்கிறார்கள்.

ஸ்பகெட்டியை இரண்டாக ஒடித்துப் போட்டிருந்தான்.
பானையில் அடங்கவில்லையாம்.
ஸ்பகெட்டி ஒடிப்பவர்களோடு
நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.
அவனோடு பேசினேன்.
டீனோ தலை நிமிராமல் தின்றுவிட்டு
உப்பு கொஞ்சம் போதவில்லை என்றான். பதினேழு வயது.
எனக்கு அடிப்பிடித்த வாடை வந்தது.
சீஸை இன்னும் கொஞ்சம் துருவிக்கொண்டு
இரண்டாம் முறையும் போடச் சொன்னேன்.

அப்படியும் பானையில் பாதிக்கு மேல் மிச்சம்.
எட்டுப் பேருக்குச் செய்திருக்கிறான்.
அவன் ஷிப்டில் எட்டுப் பேர்.
அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.
டப்பாக்களில் அள்ளி மூடினேன்,
மூடிகள்தான் எதற்கும் பொருந்தவில்லை.

சட்டியின் அடியை எஃகு நாரால் தேய்த்துக்கொண்டே,
திரும்பாமல்,
"நாளைக்கு என்ன செய்யலாம்?" என்றான்.

சமையலைத்தான் கேட்கிறான் என்று வைத்துக்கொண்டேன்.
பீன்ஸ் சூப் என்றேன்.
கொட்டையை
இப்போதே ஊறப் போட்டுவிடு.