தொண்ணூற்றெட்டுப் படி

லேனா ஆறு உடைகிற மே மாதம்.
நீர்மானி நிலையத்தில் நான், மிச்சில்,
கம்பளியில் சுற்றி வைத்த ஒரு கால்குலேட்டர்.

அணைத்தால் மறந்துவிடும்.
ஆகவே தினமும், தேநீருக்கு முன்,
விசை விசையாக அதற்கு
வெள்ளத்தைச் சொல்லிக்கொடுப்பேன்.
தொண்ணூற்றெட்டுப் படி. மேலே ஒன்று கேட்டாலும் கிடையாது.
பதினாலு நினைவறை. பதினாலிலும் ஆள்.
தப்பு நேர்ந்தால் திரையில் பச்சையாக
எக்கோக் என்று எழுதும்:
ரஷ்ய மொழியிலும் இல்லை, யாக்கூத்திலும் இல்லை அப்படியொரு சொல்.
மிச்சில் தன் நாய்க்கு அதையே பெயராக வைத்தான்.

என் கணக்கோ நூற்றியொன்று.
மூன்று படி குறைக்க மூன்று இரவு.
பனிப்பாளத்தின் தடிமனை விட முடியாது,
திருப்பத்தில் ஆறு குறுகுவதை விட முடியாது.
கடைசியில் நீர்மானியின் அடிமட்டத்தில் கைவைத்தேன்:
எட்டு, ஏழு, புள்ளி, ஆறு, எட்டு.
ஓர் எண்ணுக்கு ஐந்து படி!
பிடுங்கிவிட்டு அங்கே
'நில்' என்று ஒரே விசை.
இயந்திரம் நிற்கும். மிச்சில் எண்ணைச் சொல்வான்.
நான் அழுத்த, மேலே போகும்.
"அப்போ பதினைந்தாவது அறை நானா?"
"வாடகை தர மாட்டேன்" என்றேன்.

பதினெட்டாம் தேதி இரவு
மேலே எங்கோ பனி வெடித்தது.
மிச்சில் தாழ்ந்த கரைக்கு
அக்கா வீட்டு மாடுகளை ஓட்டிவரப் போயிருந்தான்.
தட்டினேன். திரை துடித்தது, துடித்தது,
நின்றது.
எண்பத்து...
ஆறா? ஏழா?
பதிவேடு நகரத்தில், தணிக்கையில்.
இருட்டிலேயே எல்லாப் படியும் ஏறும் என் விரல்களுக்கு
நாலு இலக்கம் வரவில்லை.
இயந்திரத்திலிருந்து மட்டும்தான் பிடுங்கினேன் என்றல்லவா
நினைத்திருந்தேன்.
பச்சை மங்க மங்க
அக்குளில் வைத்துச் சூடேற்றினேன்.

கதவு திறந்தது. இடுப்புவரை ஈரம்.
மூச்சுகூட வாங்கவில்லை:
"எண்பத்தேழு புள்ளி ஆறு எட்டு."
அப்புறம்தான்,
"ரெண்டு மாடு போச்சு, வர்வாரா."

விடை வந்தது: ஆறு மணி நேரம்.
தொலைபேசியைச் சுழற்றினேன்.

காலையில் தெருவில் ஆறு ஓடியது;
வீடுகளில் ஆளில்லை.
மின்கலம் செத்து, கால்குலேட்டர்
அந்த இரவையும் சேர்த்து மறந்திருந்தது.
பூஜ்யத்திலிருந்து மறுபடி தட்டினேன்.
கடைசியில் ஒரு படி மிச்சம்.
போன மாடுகளின் பெயர் என்ன என்று கேட்டேன்.
சொன்னான்.
இரண்டுமே நீளமான பெயர்.