பற்றுவரவு

லெச்சேக்குத் தெற்கே,
ஆலிவ் தோப்புகள் கடலை மறைக்கும் ஊரில்
நான் நாவிதன்.
திங்கள் கடைக்கு விடுமுறை.
திங்களன்று நான் புனிதர்கள் செய்வேன்.

சிரிக்காதீர்கள், எங்கள் பக்கம் இது வழக்கம்.
ஒரு தாடிக்கும் அடுத்த தாடிக்கும் நடுவே
கை சும்மா இருக்க மாட்டாத நாவிதர்கள்தாம்
காகிதத்தில் புனிதருக்கு உடம்பு கொடுத்தவர்கள்.
பளிங்கு வாங்க நேப்பிள்ஸில் பிரபுக்கள் இருந்தார்கள்.
எங்களிடம் கந்தல், வைக்கோல், மாவுப்பசை,
ஊர்வலத்தில் தூக்க எட்டு மெலிந்த தோள்கள்.

அந்த வருஷம் சான் ரோக்கோவைக் கேட்டார்கள்.
தொடையில் கொள்ளைநோய்ப் புண்,
காலடியில் ரொட்டி கவ்விய நாய்.
"புண் நன்றாக வரவேண்டும், கொசிமினோ" என்றார் பாதிரியார்.
எனக்கா சொல்ல வேண்டும்?
அட்டை விட்டவன், கட்டி கீறியவன்,
ஊரின் பாதிப் பல்லைப் பிடுங்கியவன்.

கம்பியில் முதுகெலும்பு.
வைக்கோலைச் சணலால் இறுக்கி விலா, இடுப்பு;
நடந்தே ரோமுக்குப் போனவர், தொப்பை ஆகாது.
கோதுமைமாவைக் காய்ச்சி
எலிக்குப் பயந்து ஒரு சிட்டிகை மயில்துத்தம்.
எல்லாம் ஆயிற்று. காகிதம்தான் இல்லை.

இனிக் கடனில்லை என்றுவிட்டான் தாள் வியாபாரி.
வீட்டில் இருந்த ஒரே தாள்
ஒன்பது வருஷத்துக் கணக்கேடு.
நோட்டரி டான் எஜிதியோ: நூற்றுநாற்பது சவரம், பாக்கி.
பந்தலேயோ: ஒரு பல், இரண்டு மொட்டை, பாக்கி.
கிழித்துத் தண்ணீரில் போட்டேன்.
மை கலங்கியது, போகவில்லை.
கடன் அவ்வளவு லேசில் கரைகிற பொருளா?
நோட்டரியைத் தடி பிடித்த தோளில் ஒட்டினேன்,
பந்தலேயோவை நாயின் வயிற்றில்.

காய்ந்ததும் நெருப்பு.
கரண்டிபோல் வளைந்த இரும்பைச் சிவக்க வைத்து
அங்கியின் மடிப்புகளை ஒவ்வொன்றாய்த் தேய்க்க வேண்டும்.
தாள் பழுக்கலாம், கருகக் கூடாது.
சவரத்துக்கும் இதற்கும் ஒரே விதி:
கை நடுங்கினால் முகம் போச்சு.
பிறகு முயல்தோல் கோந்து, சுண்ணம், வண்ணம்.
புண்ணுக்கு மட்டும் மூன்று சிவப்பு.

ஆகஸ்ட் பதினாறு.
தூக்கிய எட்டுப் பேரும் என் வாடிக்கை.
"பூப்போல இருக்கிறார்!" என்றார் நோட்டரி.
அவருடைய நூற்றுநாற்பது சவரமும்
அவர் தலைக்கு மேலே ஆடி ஆடி வந்தன.
வழியெல்லாம் நேர்த்திக்கடன்:
மெழுகுவத்தி, வெள்ளிக் கால்,
அங்கியில் குத்திய லிரா நோட்டுகள்,
கடன்மேல் கடன், தாள்மேல் தாள்.
ஓரமாக நின்று
வாய்க்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

சந்தைத் திருப்பத்தில் மழை பிடித்தது.
கோயில் முகப்புக்கு ஓடிச் சேர்வதற்குள்
அங்கியின் ஓரம் ஊறி
விரலகலம் வாய் பிளந்தது.
கொன்ஸிலியா மண்டியிட்டு
தலைத்துண்டால் ஈரம் ஒற்றினாள்.
அவள் முகத்துக்கு நேரே என் கையெழுத்து:
"நிக்கோலா. கடைசிச் சவரம். வீட்டுக்குப் போய். பாக்கி."

கல்குவாரியில் விழுந்தவன், அவள் புருஷன்.
பிணத்துக்குச் செய்த சவரத்தை ஏட்டில் ஏற்றக் கூடாது என்பார்கள்.
ஏற்றியிருக்கிறேன்.
படிக்கத் தெரியாதவள்
புனிதரின் தாளில் முத்தமிட்டாள்.
தாளில்தான்.

சனிக்கிழமை நோட்டரி வந்தார்,
கன்னத்தைத் தடவிப் பார்த்து
"எழுதிக்கொள்" என்றார்.
ஏடு இல்லை என்றேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
முதல்முறையாகப் பைக்குள் கை விட்டார்.
அந்தக் காசில் ஒரு வெள்ளைத்தாள்.

திங்களன்று கோயிலில் யாருமில்லை.
அந்த ஒரு வரியைக் கிழித்தெடுக்கலாமென்று
பிளவுக்குள் விரல் விட்டேன்.
அதன் பின்னால் வெறும் வைக்கோல்.
மடிப்பு முழுவதையும்
அது ஒன்றுதான் தாங்கிக்கொண்டிருந்தது.

பசை தடவி மேலே தாளை ஒட்டினேன்.
இரும்பு சிவக்கக் காத்திருந்தேன்.