நுனி இல்லாதது

நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
அரசனில்லாக் கோட்டை என்று
வேலூரை இல்லைகளால் எண்ணுவார்கள்.
என் பங்குக்கு ஒன்று:
நுனியில்லா நூல்.

பாகாயத்தில், இரண்டாம் மாடி ஆய்வகம்.
இன்குபேட்டர் முப்பத்தேழு டிகிரியில் நிற்கிறது.
தெருவில் நாற்பத்திரண்டு.
மே மாதத்தில் இந்த ஊரில்
செல்களுக்குத்தான் குளிர்ச்சி.

குழாயில் இருப்பது
ஒருவரின் கணையத் திட்டுகளிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.
திட்டு என்றதும் எனக்குப் பாலாற்று மணல்தான்.
பெயர் தரமாட்டார்கள். எண் பதினேழு.
ஆண், ஐம்பத்தொன்று, சர்க்கரை ஒன்பது வருடம்.
பக்கத்தில் எண் இருபது.
ஆண், நாற்பத்தொன்பது, சர்க்கரை இல்லை.
இருவரும் நெடுஞ்சாலையில் முடிந்தவர்கள்,
அவ்வளவுதான் தெரியும்.

நொதியை விடுகிறேன்.
அது நூலைத் தின்னும், நுனியிலிருந்து மட்டும்.
நுனி சிக்கினால் போதும்,
கடைசி எழுத்துவரை உருவிவிட்டுத்தான் ஓயும்.
பதினைந்து நிமிடம்.
மிஞ்சுபவை
தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டவை.
வாய் வைக்க இடம் தேடித் தேடி
பசியோடு நிற்கிறது நொதி.
முபீனா இதற்கு நோன்பு என்று பெயர் வைத்திருக்கிறாள்.
அவள் சொன்னால் சிரிக்கலாம்.
நான் சொல்ல முடியாது.

இந்த வட்டங்களில் ஒன்று
இன்சுலின் செய்தியைத் தைக்கும்போது
நடுவிலிருந்து வெட்டித் தள்ளிய துண்டு.
நான் படித்த காலத்தில் அதற்குக் குப்பை என்று பெயர்,
இரண்டு மதிப்பெண் கேள்வி.
அந்தக் குப்பை வளைந்து, வால் உதிர்ந்து, வட்டமாகி
உட்கருவிலேயே தங்கிவிடுகிறது.
இன்சுலினை வெளியே அனுப்பும் வேலைக்கு
ஆள் சேர்த்துக் கொடுக்கிறதாம்.

என் அண்ணன் பாக்கியநாதன்
ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங்.
வெட்டியது போக மிஞ்சிய தோலில்
எனக்கொரு சாவி வளையம் செய்து தந்தான்.
ஃப்ரீசர் சாவி அதில்தான் தொங்குகிறது.
ஊருக்கெல்லாம் ஷூ வெட்டுகிறவன்
தன் செருப்பில் ஆணி ஏறியது தெரியாமல்
இரண்டு நாள் நடந்திருக்கிறான்.
சாக்ஸில் ரத்தம் பார்த்தது மச்சினி.
அவனுக்கு வலிக்கவே இல்லை.
வலிக்கவில்லை என்று அவன் சந்தோஷமாகச் சொன்னபோது
எனக்கு அடிவயிறு கலங்கியது.

திரையில் கோடுகள் எழும்பத் தொடங்கின.
இருபதாம் எண்காரருக்கு
இருபத்தாறாம் சுற்றில் எழுந்த கோடு
பதினேழுக்கு இருபத்தெட்டில்.
இரண்டு சுற்று பிந்தினால்
நாலில் ஒரு பங்குதான் இருக்கிறதென்று அர்த்தம்.
மறுபடி ஓட்டினேன்.
மறுபடியும் இருபத்தெட்டு.
இருவரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
டாக்டர் எஸ்தர் அதைத்தான் சொல்வார்,
சொல்லிவிட்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போவார்.

புதன்கிழமை. கால் கிளினிக்கில் காத்திருந்த அண்ணன்
போன் செய்தான்.
“இன்னா, எதனா கண்டுபுடிச்சியா?”
“உன்ன மாதிரி ஆளுங்களுக்கு
ஒரு வளையம் கம்மியா கீது.”
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் வங்காளத்தில் யாரோ எதற்கோ சண்டை.
“தேஞ்சி போவுதா,
இல்ல செய்றதே கம்மி பண்ணிட்டானா?”

இரண்டு வருடம், எட்டுப் பேர்,
வெள்ளிதோறும் கூட்டம், சமோசா.
அங்கே ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

டோக்கன் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டான்.
நோட்டில் தேதி போட்டு
எழுதிக்கொண்டேன்,
அவன் சொன்னபடியே.